கொசுறு கோட்டிங்

பெயிண்ட் ஷாப்பில் பதினெட்டு வருஷம் நின்றவனுக்கு ஓட்டையைக் கண்டால் ஆகாது. ஊசி முனை அளவு புள்ளி போதும். அதற்கு எங்கள் பாஷையில் பின்ஹோல் என்று பெயர். பம்பரில் ஒரே ஒரு பின்ஹோல் இருந்தாலும் இன்ஸ்பெக்‌ஷன்காரர் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் கடைசிக் கோட்டிங் முடிந்த பிறகும், யாரும் சொல்லாமலே, விளிம்பிலும் வளைவிலும் இன்னொரு தடவை ஸ்ப்ரே கன்னை ஓட்டிவிடுவோம். அதற்குக் கொசுறு என்று பெயர் வைத்திருந்தோம். காய் வாங்கியதும் கடைக்காரம்மா ஒரு கொத்து கறிவேப்பிலை போடுவாரே, அந்த மாதிரி. வேலைத்தாளில் அது கிடையாது. ஆனால் போடாமல் வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது.

அந்தக் கொசுறைக் கொண்டுபோய், போடவே கூடாத ஓர் இடத்தில் போட்டேன். அதன் கதைதான் இது.

முதலில் நான் அங்கே எப்படிப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். தின்னர் வாடை என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது. முழங்கை வரைக்கும் தடிப்பு. மாடிப்படி ஏறினால் நெஞ்சுக்குள் யாரோ விசில் அடிப்பார்கள். கம்பெனி டாக்டர் இனி ஸ்ப்ரே பூத் பக்கம் போகக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். பூத் பக்கம் போகாத பெயிண்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஹெச்.ஆர். ஆபீஸில் தலையைச் சொறிந்தார்கள். கடைசியில், ஒரகடத்திலேயே எங்கள் குரூப்புக்கு இருந்த இன்னொரு கட்டடத்தின் மாடியில் ஒரு சின்ன லேப் இருப்பது யாருக்கோ ஞாபகம் வந்தது.

"கோட்டிங் தெரிஞ்ச ஆள் கேக்கறாங்க. மூணு மாசம் ட்ரயல். அவங்க ஓகே சொன்னா அங்கியே இருந்துக்கலாம். வேணாம்னா திரும்பவும் பூத்துதான். வேற எடம் காலி இல்ல" என்றார்கள்.

ஆக, மாடி என்றால் மூச்சு, கீழே என்றால் விசில். எனக்கு இருந்தது அவ்வளவுதான் கணக்கு.

லேப்பில் இருந்தது இரண்டே பேர். நானும் மேடமும். மேடத்துக்கு முப்பது முப்பத்திரண்டு வயசு இருக்கும். டாக்டர் பட்டம் வாங்கியவர், திருநெல்வேலிப் பக்கம். என்னை அண்ணே என்பார். எனக்கு மேலதிகாரி, ஆனால் நான் நாற்காலியில் உட்காராமல் அவர் உட்கார மாட்டார். இதனால் முதல் வாரம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தோம்.

எலும்பு முறிந்தால் உள்ளே வைக்கிற டைட்டானியம் தகடு இருக்கிறதல்லவா, அது எலும்போடு சீக்கிரம் ஒட்டிக்கொள்ள வேண்டும். அதற்காகத் தகட்டின் மேல் என்ன பூசலாம் என்று பார்ப்பதுதான் அந்த லேப்பின் வேலை. பூசிய தகட்டின் மேல் ஸ்டெம் செல்லை வளர்த்துப் பார்ப்பார்கள். ஸ்டெம் செல் என்றால் என்ன என்று முதல் நாளே கேட்டேன். பெரிய படம் ஏதாவது போட்டுக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ப்ளஸ் டூ முடிச்ச பையன்னு வைங்கண்ணே" என்றார். "இன்னும் எதுவும் ஆகல்ல. எலும்பாவும் ஆகலாம், கொழுப்பாவும் ஆகலாம், குருத்தெலும்பாவும் ஆகலாம். நாம அத எங்கன உக்கார வைக்குதோம், என்ன சாப்பாடு கொடுக்குதோம்ங்கறதப் பாத்துட்டு அது முடிவு பண்ணும்."

"அப்போ நான் இன்ஜினீயர் ஆவாம பெயிண்டர் ஆனது?"

"நீங்க உக்காந்த பெஞ்சு அப்படி."

அன்றைக்கே எனக்கு அந்த லேப் பிடித்துவிட்டது. இப்போது அந்தக் கட்டடத்தில் அட்டைப்பெட்டி குடோன் நடக்கிறது. பஸ் அந்தப் பக்கம் போனால் கழுத்தைத் திருப்பி மாடி ஜன்னலைப் பார்ப்பேன். அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால் புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு டிரெய்லர்கள் வரிசையாகப் போகும். நானே பெயிண்ட் அடித்த பம்பர் அதில் எத்தனையோ போயிருக்கும். ஆனால் மேலே நின்று பார்க்கும்போது, யாரோ செய்த வேலை மாதிரி அழகாக இருக்கும். லேப்பில் ஸ்பிரிட் வாடை, ஏ.சி. குளிர், ஒரு மூலையில் காற்று வடிகட்டும் பெட்டியின் உறுமல். மதியம் இரண்டு மணிக்கு மேடம் கொண்டுவந்த கருப்பட்டிக் காப்பி. நெஞ்சுக்குள் விசில் நின்றுபோயிருந்தது. அந்த மூன்று மாதத்தில் நான் மூச்சு விட்டதை நானே கவனித்துக் கவனித்து ரசித்தேன்.

என் வேலை இதுதான். சட்டைப் பொத்தான் அளவில் டைட்டானியத் துண்டுகள் கீழ் ஃப்ளோரிலிருந்து வரும். மின்சாரம் பாய்ச்சி அதன் மேல் ஏதோ செய்திருப்பார்கள். பார்த்தால் சாதாரணத் தகடுதான். அதை நான் ஒரு திரவத்தில் ஊற வைப்பேன். ஊற்றும்போது தண்ணீர் மாதிரி இருக்கும். நேரம் ஆக ஆக டீ நிறம், அப்புறம் டிகாஷன் நிறம். கடல் சிப்பி பாறையைப் பிடித்துக்கொள்ள ஒரு பசை வைத்திருக்கிறதாம், அதைப் பார்த்துச் செய்த பூச்சு அது என்றார் மேடம். எவ்வளவு தடிமன் என்று கேட்டேன். ஒரு தலைமுடியைச் சில ஆயிரம் பாகமாக நீளவாட்டில் கிழித்தால் வருகிற தடிமன் என்றார். என் தலையைத் தடவிப் பார்த்தேன். அங்கே கிழிப்பதற்கு அதிகம் இல்லை.

மூன்று மாதம் முடிகிற சமயத்தில் தலைமை ஆபீஸிலிருந்து ஆட்கள் ரிவ்யூவுக்கு வருவதாக இருந்தது. செல்லைத் தகட்டில் போட்டு இருபத்தொன்றாவது நாள், அது எலும்பாக மாறத் தொடங்கியிருக்கிறதா என்று அவர்கள் முன்னால் சாயம் போட்டுக் காட்ட வேண்டும். அன்றைக்கே என் ட்ரயல் ஃபாரத்திலும் மேடம் எழுதித் தருவார். லேப் நிற்குமா, நான் லேப்பில் நிற்பேனா, இரண்டும் ஒரே நாளில்.

அதற்கான இருபத்து நான்கு துண்டுகளுக்குப் பூச்சு முடிந்தது ஒரு வியாழக்கிழமை. மேடம் அன்று வெளியே மீட்டிங் போயிருந்தார். பதினொரு மணிக்கே வேலை முடிந்துவிட்டது. முந்தின நாள் இரண்டு தவணையாக ஊற வைத்ததைக் கழுவி, உலர வைத்து, டிரேயில் நாலு வரிசையாக அடுக்கினேன். அதோடு போய் டீ குடித்திருக்கலாம். போகவில்லை. கம்ப்யூட்டரில் மேடம் திறந்து வைத்துவிட்டுப் போன படத்தைப் பார்த்தேன். முந்தின வாரம் நான் பூசிக் கொடுத்த தகட்டைத்தான் பல ஆயிரம் மடங்கு பெரிதாக்கி எடுத்திருந்தார்கள்.

இடியாப்ப அச்சு மாதிரி இருந்தது. ஓட்டை, ஓட்டை, எங்கே பார்த்தாலும் ஓட்டை. இடம் விடாமல் பின்ஹோல்.

எனக்கு உடம்பு கூசிவிட்டது. பதினெட்டு வருஷ அனுபவஸ்தன் போட்ட கோட்டிங், இதைப் போய் ரிவ்யூவில் காட்டுவதா? பாவம், மேடத்துக்குத் தெரியவில்லை. படித்தவர், பூத்தில் நின்றதில்லை. புதுசாகத் திரவம் கலக்கினேன். ஜாடியில் ஒரு தடவைக்குப் பன்னிரண்டு துண்டுதான் பிடிக்கும். பன்னிரண்டைப் போட்டு ஊற வைத்து, மூன்று மணிக்கு எடுத்து, உலர்த்தி, பழைய இடத்திலேயே வைத்தேன். மீதிப் பன்னிரண்டுக்கும் போடத்தான் ஆசை. மூன்றரைக்குக் கம்பெனி பஸ். அதை விட்டால் வல்லம் கூட்ரோடு வரை நடைதான். சரி, பாதிக்காவது நல்லது செய்தோம் என்று பஸ் ஏறினேன். ஜன்னல் சீட் கிடைத்தது. அன்றைக்கு என்னைவிட நிம்மதியாக ஒருத்தன் சுங்குவார்சத்திரத்தில் இறங்கியிருக்க மாட்டான்.

வெள்ளிக்கிழமை மேடம் துண்டுகளைச் சுத்தப்படுத்தி, டிரேயில் இருந்த அதே வரிசையில் ஒவ்வொன்றையும் ஒரு பிளாஸ்டிக் பிளேட்டின் சின்னச் சின்னக் கிண்ணத்தில் வைத்து, மேலே செல்லை விட்டு, இன்குபேட்டருக்குள் வைத்தார். உடம்புச் சூடு, கொஞ்சம் ஈரம், சோடாவில் அடைக்கிற அதே கேஸ் ஓர் அளவுக்கு. உள்ளே செல்லுக்கு அம்மா வயிறு மாதிரி என்றார். நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

திங்கட்கிழமை காப்பி குடித்துக்கொண்டே அதே படத்தை மேடம் மறுபடி திறந்தார்.

"ரிவ்யூல இந்தப் படத்ததான்ணே மொதல்ல காட்டப் போறேன். எவ்வளவு அழகா வந்திருக்கு பாருங்க குழியெல்லாம்."

"குழியா?" என்றேன்.

"பின்ன? இந்தக் குழிக்காகத்தானே கீழ கரண்டு கொடுத்து இத்தன பாடு படுதாங்க. செல்லுக்குக் கால் மாதிரி ஒண்ணு இருக்கு. அத நீட்டி நீட்டித் தடவிப் பாக்கும். இந்த அளவு குழி கெடச்சா, இது எலும்புக்குத் தோதான எடம்னு அதுக்குத் தோணும். நம்ம கோட்டிங் அந்தக் குழிய மூடாம, மேலோட்டமா ஒரு படலம் மாதிரி இருக்கணும். அதான் ஒரே கோட்டு."

என் காது சூடானது. எனக்குப் பயம் வந்தால் முதலில் காதில்தான் வரும்.

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன் மேடம். யாராச்சும், தெரியாம, ரெண்டு கோட்டு போட்டா?"

"குழி மூடிரும். செல்லு வரும், ஒட்டும், நல்லா பெருகக்கூடச் செய்யும். ஆனா எலும்பாகணும்னு அதுக்குத் தோணாது. யாருண்ணே அப்படிப் போடுவா?"

"அதானே! யாரு போடுவா?" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயெடுத்தேன். வாய்க்குள் தின்னர் வாடை வந்தது. சத்தியமாக வந்தது. ரிவ்யூவுக்கு முன்னால் இதைச் சொன்னால் எந்த மடையனாவது என்னை வைத்துக்கொள்வானா? மறுபடி மாஸ்க், மறுபடி பூத், மறுபடி விசில். வாயை மூடிக்கொண்டேன்.

சரி, எந்தப் பன்னிரண்டு என்றாவது தெரிந்தால், ரிவ்யூவில் அந்தப் பக்கத்தைத் துணி போட்டாவது மறைக்கலாம் என்று பார்த்தேன். அங்கேதான் அடுத்த இடி. இடது பக்கமா, வலது பக்கமா, ஞாபகமே இல்லை. இரண்டு கோட்டு போட்டது கொஞ்சம் கறுப்பாகத்தான் இருக்கும். பார்த்தால் தெரிந்துவிடும் என்று, மேடம் சாப்பிடப் போன நேரம் இன்குபேட்டர் கதவைத் திறந்து போன் டார்ச்சை அடித்தேன். ரோஸ்மில்க்கில் பாலை எடுத்துவிட்டால் எப்படி இருக்கும், அந்த நிறத்தில் திரவம். அடியில் எல்லாத் துண்டும் ஒரே மாதிரி தெரிந்தது. கண்ணைச் சுருக்கினால் இடது பக்கம் கறுப்பு. இன்னும் சுருக்கினால் வலது பக்கம். அதற்குள் மெஷின் கீக் கீக் என்று கத்தியது. கதவை அறைந்து சாத்திவிட்டு, தரையில் எதையோ தேடுகிறவன் மாதிரி உட்கார்ந்துகொண்டேன். யாரும் இல்லாத அறையில் யாருக்காக அந்த நடிப்பு என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அப்புறம் புதுப் பயம். கதவைத் திறந்ததில் கேஸ் வெளியே போய், செல் செத்திருந்தால்? பார்த்துவிடலாம் என்று மறுபடி திறந்தேன். திரவம் லேசாகக் கத்திரிப்பூ நிறத்துக்கு மாறின மாதிரி இருந்தது. நிஜமா பிரமையா என்று உறுதி செய்துகொள்ள இன்னொரு முறை திறந்தேன். இப்படியே ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை. கவலைப்பட்டே ஒரு ஜீவனைக் கொல்ல முடியும் என்றால் அதற்கு என்னைத்தான் கூப்பிட வேண்டும்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் என் பழைய பூத் கூட்டாளி. பதினெட்டு வருஷமும் தோளோடு தோள் நின்று கன் பிடித்தவன். நான் மாடிக்குப் போனதிலிருந்து அவனுக்கு நான் டாக்டர்.

"இன்னா டாக்டரே, மூஞ்சி இப்டி கீது? கொயந்த பொயச்சிதா, இல்லியா?"

"சும்மா இருடா."

"இருபத்திநாலு கொயந்தன்னு சொன்ன. ஒண்ணாவது பொயச்சிக்கும்பா, கவலப்படாத."

"பாதிக்குக் கொசுறு போட்டுட்டேன்டா" என்று அவனிடம் மட்டும் சொன்னேன்.

"போடலன்னாதான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன்" என்றான். அப்புறம், என்ன நினைத்தானோ, "இங்க வந்துடாத. பூத்துல புது ஃபில்டர் இன்னும் வர்ல" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டை முருகனிடம் போனேன். எப்படியாவது இதைச் சரிசெய்து கொடுத்தால் மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். முருகன் என் தலையைப் பார்த்திருப்பார். பாதி வேண்டுதல் ஏற்கெனவே நிறைவேறியிருக்கிறது, இவன் புதிதாக என்னத்தைத் தரப்போகிறான் என்று நினைத்திருப்பார். பதில் வரவில்லை.

பதில் வந்தது செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வீட்டு சமையலறையில். மனைவி பாலில் உறை ஊற்றி மூடி வைத்திருந்தாள். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மூடியைத் தூக்கிப் பார்த்திருக்கிறேன். நானே அறியாமல்தான். நாலாவது தடவை அவள் கரண்டியோடு வந்தாள்.

"இன்னாத்துக்குயா அத தொறந்து தொறந்து பாக்கற? சும்மா ஆட்டிக்கினே இருந்தா தயிரு எப்டி தோயும்? ஒரு எடத்துல வெச்சா அத வுட்ரணும். அதுக்குத் தெரியும் இன்னா ஆவணும்னு."

நான் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"இன்னா, அழுவுறியா?"

"வெங்காயம்" என்றேன்.

"வூட்ல வெங்காயமே இல்ல" என்றாள்.

அன்றைக்கே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுசாகக் கேட்டாள். "அந்தப் பொண்ணாண்ட போய் சொல்லு. அடிக்கவா போவுது?" என்றாள். சுலபமாகச் சொல்லிவிட்டாள். நாளைக்குச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். அப்படித்தான் தினமும் முடிவு செய்துகொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலை நான் உள்ளே போனபோது மேடம் இன்குபேட்டரின் கேஸ் சிலிண்டர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் சோப்பு நுரை. குழாய் மூட்டு ஒவ்வொன்றிலும் நுரையைத் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு மாசம் வரணும்ணே இது. ரெண்டு வாரத்துக்குள்ள தீந்துட்டு. எங்கயோ லீக்கு. நாந்தான் ரெகுலேட்டர சரியா மாட்டல்ல போல."

நான் தோள்பையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

"இத்தன நாளும் உள்ள கேஸ் ஏறி ஏறி எறங்கியிருக்கு. இத வச்சுட்டு ரிவ்யூல என்னத்தக் காட்ட? பிளேட்ட தூக்கிப் போட்டுட்டு, என் தப்புன்னு மெயில் அனுப்பிருதேன். ரெண்டு மாசம் தள்ளிப் போடுவாங்க. உங்க ட்ரயலும் அதோட சேர்ந்து தள்ளிப் போகும். ஒண்ணும் நெனச்சுக்காதீங்க."

இதைவிட நல்ல வழி எந்தத் தப்பு செய்தவனுக்கும் கிடைத்திருக்காது. பிளேட் குப்பைக்குப் போனால் என் கொசுறும் கூடவே போய்விடும். எனக்கு இன்னும் இரண்டு மாத மூச்சு. நான் செய்ய வேண்டியதெல்லாம் பேசாமல் நிற்பது ஒன்றுதான். மேடம் மூன்றாவது தடவையாக அதே மூட்டில் நுரையைத் தடவினார். முகத்தில் ஒரு துளி நுரை. அதைத் துடைக்கக்கூட மறந்து குமிழிக்காகக் காத்திருந்தார்.

நான் பேசிவிட்டேன். இதைத் தைரியம் என்று யாரும் எண்ண வேண்டாம். பயம் முற்றினால் எனக்கு வாய் நிற்காது. அவ்வளவுதான்.

"லீக்கு அங்க இல்ல மேடம். நான்தான் கதவத் தொறந்தேன். தெனமும். ஆறு தடவ. ஏழு தடவகூட. ஏன் தொறந்தேன்னா, பன்னண்டு பீஸுக்கு ரெண்டாவது கோட்டு போட்டுட்டேன், அது எதுன்னு பாக்கத் தொறந்தேன், ஓட்டையா இருந்துச்சு மேடம், பின்ஹோல்னு நெனச்சேன், எங்க ஷாப்ல பின்ஹோல் இருந்தா வுடமாட்டோம், முருகன் கோயிலுக்குக்கூடப் போனேன்..."

"நிறுத்துங்கண்ணே."

நிறுத்தினேன். அவர் எழுந்து போய்க் கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"ரெண்டாவது கோட்டு போட்டதுகூடத் தப்பில்லண்ணே. எனக்குத் தெரியாமப் போட்டதுதான் தப்பு. தெரிஞ்சா அது ஒரு டெஸ்ட்டு. தெரியலன்னா அது குப்ப. எந்தப் பன்னண்டு?"

"அதான் தெரியல மேடம்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பூத்தின் மாஸ்க்கை ஏற்கெனவே போட்டுக்கொண்டுவிட்டேன். ஆனால் அவர் அலமாரியைத் திறந்து ஒரு காலி டிரேயும், கழித்துப்போட்ட பழைய துண்டுகளும், ஒரு ஜாடித் தண்ணீரும் எடுத்து மேஜையில் வைத்தார்.

"அன்னைக்கி செஞ்சத அப்படியே செய்யுங்க. யோசிக்காதீங்க. பேசாதீங்க. பேசாதீங்கங்கறத நல்லாக் கேட்டுக்கோங்க."

இடுக்கியை எடுத்தேன். கை நேராக டிரேயின் வலது ஓரத்துக்குப் போனது. வலது ஓரம், அடுத்தது, அதற்கும் அடுத்தது. பன்னிரண்டு எடுத்ததும் இடது பாதி அப்படியே இருந்தது. மேடம் கலைத்துவிட்டு மறுபடி செய்யச் சொன்னார். மறுபடி வலது. டிரேயைத் திருப்பி வைத்தார். அப்போதும் என் வலது. அப்புறம்தான் எனக்கே புரிந்தது. பூத்தில் கன்வேயர் வலது பக்கமிருந்துதான் வரும். பதினெட்டு வருஷமாக முதல் பீஸ் எனக்கு வலது பக்கம்தான்.

"கைய நம்பலாமா?" என்றார் மேடம்.

"என் வாய நம்பாதீங்க. கைய நம்பலாம்."

அவர் நோட்டை எடுத்துத் தேதி போட்டு எழுதினார். வலது பக்கம் பன்னிரண்டும் இரண்டு கோட்டு, பூசியவர் சொன்னபடி. கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். "கதவு தொறந்தது ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணுதான். அதனால ஒண்ண ஒண்ணு ஒப்பிட்டுப் பாக்கலாம். குப்பையில போட வேண்டாம். ஆனா நீங்க சொன்னது நெசமான்னு இருபத்தொண்ணாம் நாள்தான் சொல்லும்" என்றார். பிறகு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. கருப்பட்டிக் காப்பி மட்டும் வழக்கம்போல இரண்டு டம்ளர் வந்தது.

அதற்குப் பிறகு வந்த ஒன்பது நாட்களைத்தான் இப்போது அதிகம் நினைத்துக்கொள்கிறேன். பயம் போய்விடவில்லை, ஆனால் அது இப்போது இரண்டு பேருடையதாகிவிட்டது. கதவு திறக்கும் நேரத்தை நோட்டில் எழுதி, இருவரும் சேர்ந்து நின்று திறந்தோம். பழைய திரவத்தை எடுத்துப் புதியதை விடும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வோம். உலோகத்தின் மேல் இருக்கும் செல்லை எங்கள் மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியாது. பக்கத்தில் வெறும் பிளாஸ்டிக்கில் வளர்த்த செல்லை ஒருநாள் எனக்குக் காட்டினார். நீள நீளமாக, ஒரே திசையில் படுத்திருந்தன. மதகு திறந்ததும் ஓட்டத்தை எதிர்த்து நிற்கும் மீன்குஞ்சுகள் மாதிரி.

"எல்லாம் ஒரே மாதிரி கீதே மேடம்."

"ஆமாண்ணே. இப்போதைக்கு எல்லாருக்கும் எல்லா வழியும் தொறந்திருக்கு."

கண்ணை எடுக்க மனசே வரவில்லை எனக்கு.

இருபதாம் நாள், இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டிரண்டு துண்டை எடுத்து எத்தனை செல் இருக்கிறது என்று எண்ணினார். வலது பக்கம்தான் கூட்டம் அதிகம். என் பக்கம்! நெஞ்சை நிமிர்த்தினேன். "கூட்டம் சேந்தா போதாதுண்ணே. வேலைக்குப் போகணும்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை மூன்று பேர் வந்தார்கள். மேடம் முதலில் அந்தக் குழிப் படத்தைக் காட்டினார். பிறகு பிளேட்டை எடுத்து, திரவத்தை நீக்கி, சாயத்தை விட்டார். செல் எலும்பாகத் தொடங்கியிருந்தால் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்புச் சத்தைச் சேர்த்து வைத்திருக்கும். சாயம் அதைப் பிடித்துக்கொள்ளும். காத்திருந்து கழுவ வேண்டும். மருதாணியைக் கழுவிவிட்டுக் கை சிவந்திருக்கிறதா என்று பார்க்கிற அதே காரியம்தான்.

கழுவினார். இடது பக்கத்தில் இருந்த பத்தில் எட்டு, நல்ல சிவப்பு. இரண்டு திட்டுத்திட்டாக. வலது பக்கம் பத்தும் வெளுத்துப்போய், கழுவின ரேஷன் அரிசி மாதிரி இருந்தது.

என் கை பொய் சொல்லவில்லை. அதைக் கொண்டாட முடியாத இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

வந்தவர்களில் மூத்தவர் கேட்டார். "அந்தப் பக்கம் ஏன் இப்படி?"

"அங்க ரெண்டு கோட்டு சார். குழி மூடிட்டு."

"யார் போடச் சொன்னது?"

மேடம் என் பக்கம் திரும்பவில்லை. நானே கையைத் தூக்கினேன், மூன்றாம் வகுப்பில் தூக்குகிற மாதிரி. "யாரும் சொல்லல சார். பெயிண்ட் ஷாப் பழக்கம்."

அவர் சிரிக்கவில்லை. "அப்போ இது பிளான் பண்ணிச் செஞ்சது இல்ல?" என்று மேடத்தைக் கேட்டார்.

"இல்ல சார், தவறு. நடுவுல கதவும் அடிக்கடி தொறந்திருக்கு. எல்லாம் நோட்டுல இருக்கு. ஒரு தடவ வந்தத வச்சு எதையும் உறுதியாச் சொல்ல மாட்டேன். அரைக் கோட்டு, ஒரு கோட்டு, ரெண்டு கோட்டுன்னு முறையா திரும்பச் செய்யணும். அதுக்கு ஆறு மாசம் வேணும்."

மூவரும் நோட்டைப் புரட்டினார்கள். என் கையெழுத்து இருந்த பக்கத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார்கள். பிறகு ஆறு மாதம் தந்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். லேப் பிழைத்தது.

நான் பிழைத்தேனா என்பது அந்த ஃபாரத்தில் இருந்தது. மதியம் மேடம் அதை என் முன்னால் வைத்து, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். வேலையில் திறமை என்ற இடத்தில் நன்று. நேரம் தவறாமை, நன்று. கீழே, மேலதிகாரியின் கருத்து என்ற கட்டத்தில் மூன்றே வரி, தமிழிலேயே எழுதியிருந்தார். 'செய்த தவறை ஒன்பது நாள் மறைத்தார். பிறகு தானாகவே சொன்னார். இவர் இங்கேயே இருக்கட்டும்.'

கடைசி வரியை மூன்று தடவை படித்தேன். எழுத்து கலங்கியது. நல்லபடியாக இரண்டு வார்த்தை நன்றி சொல்லியிருந்தால் அந்த நாள் கௌரவமாக முடிந்திருக்கும். ஆனால் பயம் தெளிந்தாலும் எனக்கு வாய் நிற்காது.

"ஒம்போது நாள் இல்ல மேடம், எட்டுதான். நடுவுல ஞாயித்துக்கெழம லீவு."

மேடம் பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார்.

"லீவு அன்னைக்கிம் நீங்க சொல்லலியேண்ணே. முருகன்கிட்டதானே சொன்னீங்க" என்றார். "போடுங்க கையெழுத்த."